பெரியம்மா இடுப்பும் ஊசியும்

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும், நடவு முடிஞ்ச வாரத்தில் எங்க பெண்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கும். நாள் முழுக்கச் சேற்றில் குனிஞ்சு, பின்னாலேயே நகர்ற வேலை. முன்பெல்லாம் தைலம், வெந்நீர் ஒத்தடம். இப்போ அக்குபங்சர். சிலர் ஊசியே போடுவதில்லை, நாடி பார்த்து ஒரு விரலால் தொடுவதோடு சரி.

பெரியம்மா போன இடத்தில் நிஜ ஊசி. "எறும்பு கடிச்ச மாதிரிதான்டா. ராத்திரி நல்லா தூங்குனேன்" என்றார். நம்புகிறேன். 2007-ல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேர். முறையாக ஊசி போட்டதில் 47.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் குணம் தெரிந்தது. புள்ளியை விட்டு வேறு இடத்தில் மேலாகக் குத்தியதில் 44.2. மருந்து, உடற்பயிற்சி என்ற வழக்கமான வைத்தியத்தில் 27.4தான். புள்ளி எதுவானாலும் பரவாயில்லை போல! (அரை மணி நேரம் சும்மா படுக்கக் கிடைப்பதே எங்க பெண்களுக்குப் பாதி மருந்து.)

சண்டை வேற விஷயத்துக்கு. "சர்க்கரை மாத்திரையும் இனி வேண்டாம்" என்றாராம் அந்த ஹீலர். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்த அக்காவைப் பெரியம்மா திருப்பி அனுப்பிவிட்டார். மூணு நாள் பேசித்தான் வழிக்கு வந்தார். இப்போ செவ்வாய்க்கிழமை ஊசி, தினமும் மாத்திரை.