வெயில் நகரத்தில் ஜாகை

நீங்கள் எப்போதாவது ஜாகை மாற்றியதுண்டா? மயிலாப்பூரிலிருந்து மாம்பலத்துக்குப் போவதற்குள்ளேயே நமக்குப் பாதிப் பிராணன் போய்விடும். நாங்களோ 2023-ஆம் வருஷம் மே மாதம் நியூயார்க் நகரத்தை விட்டு, சுமார் 2,400 மைலுக்கு அப்பால் அரிஸோனா பாலைவனத்தில், பீனிக்ஸ் நகரை ஒட்டிய சாண்ட்லர் என்ற புறநகருக்குக் குடிபோனோம்.

நியூயார்க்கில் எங்கள் ஜாகை ஃப்ளஷிங் பேட்டையில், நான்காவது மாடியில் இரண்டே அறை. குளியலறைக் கதவைத் திறந்தால் சமையலறைக் கதவு தானே மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டில் பூண்டு வதக்கினால் எங்கள் வீட்டில் தும்மல் கிளம்பும். ஆனால் பௌன் தெருவில் 1977-இல் எழுந்த பிள்ளையார் கோயில் பத்து நிமிஷ நடைதான். எழுபத்துநான்கு வயதான என் மாமியார் தினமும் காலையில் தன்னந்தனியாகவே போய்த் தரிசனம் செய்துவிட்டு, கோயில் கான்டீனில் நாலு பேரோடு பேசிவிட்டு, கொத்தமல்லிக் கட்டுடன் திரும்புவார். அந்தத் தெருவுக்கு 2022-இல் 'கணேஷ் டெம்பிள் தெரு' என்று கௌரவப் பெயர் சூட்டினார்கள். அதில் தமக்கும் பாதிப் பங்கு உண்டு என்பது மாமியாரின் தீர்மானமான அபிப்பிராயம்.

சாண்ட்லரில் கம்ப்யூட்டர் சில்லுத் தொழிற்சாலையில் என் கணவருக்கு வேலை. வீடு பிரமாதம்! நாலு அறை, முன்னால் கூழாங்கல் பரப்பிய முற்றம், பின்னால் எலுமிச்சை மரம். இரண்டு நாள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்த மாமியார், மூன்றாம் நாள் கேட்டார்: "ஏம்மா, இந்த ஊர்லே மனுஷா எல்லாம் எங்கே போயிட்டா?"

வாஸ்தவமான கேள்விதான். மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து காருக்கு! ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கும் கார் வேண்டும். கார் ஓட்டத் தெரியாதவருக்கு இந்த ஊர் ஒரு பங்களாச் சிறை. தானே கோயிலுக்குப் போய் வந்தவர், "இன்னிக்கு என்னை அழைச்சிண்டு போக முடியுமா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதாயிற்று. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத்தான் குற்றமாக இருந்தது.

அப்புறம் வந்தது வெயில். நாங்கள் போய்ச் சேர்ந்த வருஷம் பார்த்து, ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாள் பீனிக்ஸில் 110 டிகிரிக்குக் குறையவில்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர். கார்ச் சக்கரத்தைத் தொட அடுப்புக் கையுறை! அந்த வருஷம் மாரிகோபா ஜில்லாவில் மட்டும் 645 பேர் உஷ்ணத்தால் மாண்டார்கள். வீட்டுக்குள்ளே இறந்தவர்களில் அநேகர் குளிர்சாதனம் பழுதானவர்கள்.

இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு மறக்கப் பார்த்தேன். ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு எங்கள் குளிர்சாதன யந்திரமும் 'கர்' என்று முனகி நின்றது. பழுது பார்ப்பவர் மறுநாள்தான் வருவாராம். பதினொரு மணிக்குள் கூடத்தில் 95 டிகிரி. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்லே, குழந்தையைப் பாரு" என்றார் மாமியார். அவர் குரல் குழறியது. என் வயிறு கலங்கிவிட்டது. அதுவரை பெயர்கூடத் தெரியாத எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர் சிகாகோவிலிருந்து முப்பது வருஷத்துக்கு முன் வந்த ஒரு பாட்டியம்மாள். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே, "எல்லோரும் இங்கே வாருங்கள்!" என்று தலையணைகளை எடுக்கப் போய்விட்டார்.

அன்றிரவு அவர் சொல்லித்தான் கால்வாய் விஷயம் தெரிந்தது. வருஷத்துக்கு எட்டு அங்குலம்கூட மழை பெய்யாத இந்த மண்ணில், பல நூறு வருஷங்களுக்கு முன்பே ஹோஹோகம் என்ற ஆதிகுடிகள் கையாலேயே நூற்றுக்கணக்கான மைல் கால்வாய் வெட்டி விவசாயம் செய்திருக்கிறார்கள். அந்தப் பழைய தடத்தையே இன்றைய கால்வாய்கள் சிலவும் ஒட்டிப் போகின்றன. அழிந்த நாகரிகத்தின் மேல் எழுந்த ஊர் என்றுதான் பீனிக்ஸ் பறவையின் பெயரையே வைத்தார்களாம். போதாக்குறைக்குக் கொலராடோ நதி நீரை 336 மைல் நீளக் கால்வாயில் கொண்டு வருகிறார்கள். அந்த நதியிலும் நீர் வற்றி வருகிறது என்பது வேறு கவலை.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கால்வாய். அதன் கரையில் நடைபாதை. சூரியன் தலைகாட்டும் முன், ஐந்து மணிக்கு அங்கே பார்த்தால் ஊரே நடக்கிறது! மனுஷர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு அங்கேதான் விடை கிடைத்தது.

வெயிலால் லாபமும் இல்லாமல் இல்லை. ஃப்ளஷிங்கில் குளிர்காலத்தில் இட்லி மாவைப் போர்வை போர்த்திக் கெஞ்ச வேண்டும். இங்கே கோடையில் பொங்கி வழிகிறது. காலையில் பிழிந்த வடாம் மத்தியானமே 'கலகல' என்கிறது. முன்பக்கத்தில் எதையும் உலர்த்தக் கூடாது என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதி. ஆகவே பின்கட்டில் எலுமிச்சை மரத்துக்கு அப்பால் வேஷ்டியை விரிக்கிறோம். தேள் பயத்தால் ராத்திரியில் வெளியே எதையும் வைப்பதில்லை. ஊதா விளக்கு அடித்தால் இவ்வூர்த் தேள் பச்சையாக மின்னும். என் பையனுக்கு அது ஒரு விளையாட்டு, எனக்கு அல்ல.

இப்போது மாமியார் தினமும் ஐந்து மணிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். எதிர்வீட்டுப் பாட்டியம்மாள் கைத்தடியுடன் வருகிறார். இவருக்கு ஆங்கிலம் அரைகுறை. அவருக்குத் தமிழ் 'வடாம்' ஒன்றுதான் தெரியும். இருவரும் ஒரு மணி நேரம் என்னதான் பேசுகிறார்களோ! கோயிலுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை நான் காரோட்டுகிறேன். நேற்றுப் புறப்படும்போது மாமியார் சொன்னார்: "பின் ஸீட்டிலே இடம் இருக்கே, அவளையும் கூட்டிண்டு போகலாமா?"