கைப்பிடிச்சுவர்



உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனம் நாம் அடிக்கடி எடுத்துத் தியானிக்கும் வசனம் அன்று. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். அதை விட்டுவிட்டு, ஒருவர் அங்கிருந்து விழுந்து மாண்டால், அந்தப் பழி வீட்டுக்காரரைச் சேரும் என்பது அதன் பொருள். பலிகளையும் பண்டிகைகளையும் குறித்துச் சொல்லும் நியாயப்பிரமாணத்தில், கொத்தனாரிடம் சொல்லவேண்டிய ஒரு காரியத்தையும் தேவன் எழுதிவைத்திருக்கிறார். கைப்பிடிச்சுவரால் வீட்டில் ஓர் அறை கூடுவதில்லை. விருந்தாளி அதைப் பார்த்து வியப்பதுமில்லை. ஆகவே கையில் பணம் குறையும்போது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் தள்ளிவைக்கப்படுவது அதுதான்.

இந்த வசனத்தை, உங்களில் பல வீடுகளில் இந்நாட்களில் பேசப்படும் ஒரு காரியத்தோடு சேர்த்துச் சிந்திக்க அழைக்கிறேன். நம் பிள்ளைகள் பலர் படிப்புக்காகவும் வேலைக்காகவும் கனடா தேசத்திற்குச் சென்றிருக்கிறார்கள். டொராண்டோ, ஸ்கார்பரோ, பிராம்ப்டன் என்னும் பெயர்கள் இப்போது நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் பழக்கமாகிவிட்டன. வேலை செய்யும் கிடங்கு நகரத்தின் ஓரத்தில் இருக்கும். விடியுமுன் வேலைக்கு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பேருந்து இருக்காது, இருந்தாலும் இரண்டு வண்டி மாறிப் போகவேண்டும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அங்கிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது: குளிர்காலத்திற்குமுன் ஒரு பழைய கார் வாங்க வேண்டும்.

இங்கே இருக்கிற நாம் என்ன பதில் சொல்லுகிறோம்? "ஏம்ல, கனடாவுக்குப் போயும் பழைய வண்டியா வாங்குத?" என்று சிலர் கேட்கிறோம். வேறு சிலர், "விலை குறைவா ஒண்ணைப் பார்த்து வாங்கு, மிச்சத்தைக் கடனுக்கு அனுப்பு" என்கிறோம். முதலாவது கேள்வி பெருமையிலிருந்து வருகிறது. இரண்டாவது, நிலத்தை அடகு வைத்த வீட்டின் பாரத்திலிருந்து வருகிறது. அந்தப் பாரத்தை நான் அறிவேன். ஆனால் இரண்டும் பிள்ளையின் உயிரைக் காக்கும் கேள்விகள் அல்ல.

நாம் மார்கழியில் பனி என்று சொல்வது புல்லின்மேல் நிற்கும் ஈரம். அங்கே பனி என்பது சாலையைக் கண்ணாடிபோல் ஆக்கும் கட்டி. டொராண்டோவில் தை மாத இரவுகளில் குளிர் உறைநிலைக்குப் பல டிகிரி கீழே இறங்கும். வின்னிபெக், எட்மண்டன் போன்ற நகரங்களில் மைனஸ் 30 வரையிலும் போகும். சாதாரண டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போகும்போதே இறுகத் தொடங்கிப் பிடிமானத்தை இழக்கிறது. குளிர்கால டயர் குளிரிலும் இளகி நிற்கும் ரப்பரால் ஆனது. மூன்று சிகரங்களுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த முத்திரை அதன் பக்கவாட்டில் இருக்கும். அதை நான்கு சக்கரங்களிலும் மாட்ட வேண்டும். இரண்டில் மட்டும் மாட்டினால் வண்டியின் ஒரு முனை பிடிக்கும், மறுமுனை சறுக்கும். பழைய டயராக வாங்கினால் அதன் பள்ளத்தின் ஆழத்தை அளந்து பார்க்க வேண்டும். 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்துவிட்ட டயர் பனிச்சாலைக்கு உதவாது என்பது கனடா அரசின் போக்குவரத்துத் துறை கூறும் அறிவுரை.

நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டியை வாங்கினால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அது பனியில் புறப்பட உதவும், நிற்பதற்கு உதவாது. நிறுத்துவது டயர்தான். பழைய வண்டியில் அந்த அமைப்பு பழுதுபட்டால் செலவும் அதிகம். முன்சக்கர விசையுள்ள எளிய வண்டியும் நான்கு நல்ல குளிர்கால டயர்களும் பெரும்பாலானோருக்குப் போதும். டொயோட்டா கொரோலா 2019 வரை ஒன்டாரியோ மாகாணத்திலேயே செய்யப்பட்டது; ஹோண்டா சிவிக் அங்கேயே செய்யப்படுகிறது. அவற்றின் பாகங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் எங்கும் கிடைப்பார்கள்.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் அப்படிக் கட்டாயம் இல்லை. அதை மாட்டுகிறவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தில் சலுகை தர வேண்டும் என்ற விதி மட்டும் 2016 முதல் இருக்கிறது. அங்கேதான் நமது வசனம் பேசுகிறது. அரசு கேட்காத இடத்திலும் தேவன் கேட்கிறார். கைப்பிடிச்சுவர் வீட்டுக்காரனுடைய பாதுகாப்புக்காக மட்டும் கட்டப்பட்டதல்ல; மாடிக்கு வரும் பிறருக்காகவும் கட்டப்பட்டது. நிற்க முடியாத வண்டிக்கு முன்னால் பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்.

அடுத்ததாக உப்பைக் குறித்துச் சொல்ல வேண்டும். ஒன்டாரியோவின் காட்ரிச் என்னும் ஊரில், ஹூரான் ஏரியின் அடியில் 500 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. உலகிலுள்ள நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் அதுவே மிகப் பெரியது. இப்படி வெட்டியெடுக்கப்படும் உப்பைக் குளிர்காலம் முழுவதும் சாலைகளில் தூவுகிறார்கள். உப்பு கலந்த நீர் எளிதில் உறையாது என்பதால் கட்டி இளகும். ஆனால் அந்த உப்புநீர் வண்டியின் அடிப்பாகத்தில் தெறித்துப் படிந்து இரும்பைத் தின்கிறது. இது நமக்கு விளங்காத காரியமா? ஆறுமுகநேரி உப்பளங்களின் ஓரத்தில் சைக்கிளின் சட்டமும் ஜன்னல் கம்பியும் எத்தனை காலம் தாங்கும் என்பதை நாம் அறிந்திருக்கிறோம்.

ஆகவே, மேலே மினுமினுக்கும் வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சக்கரத்தின் மேல்வளைவு, கதவுகளுக்குக் கீழுள்ள நீண்ட தகடு, பிரேக் எண்ணெய் செல்லும் குழாய்கள், தரைவிரிப்பின் அடிப்பகுதி ஆகியவற்றில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூசியிருந்தால், எதை மூடுவதற்காகப் பூசினார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். சாமுவேல் ஈசாயின் வீட்டுக்குப் போனபோது அவன் கற்றுக்கொண்ட பாடம் இங்கேயும் பொருந்தும். மனிதன் காண்பது முகத்தோற்றம்.

விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். நூறு, இருநூறு டாலர் செலவாகலாம். அதைச் செலவு என்று எண்ண வேண்டாம். அந்தப் பரிசோதனைக்குச் சம்மதிக்காதவரிடம் வாங்கவும் வேண்டாம். பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த காலையில் அது எப்படிப் புறப்படும் என்பது தெரியாது. குளிரில் பேட்டரியின் வலு குறையும். அதே வேளையில் எஞ்சின் எண்ணெய் கெட்டியாகி அதிக வலுவைக் கேட்கும். ஆகவே பேட்டரியின் வயதையும் கேட்க வேண்டும்.

ஒன்டாரியோவில் தனிநபர் ஒருவர் பழைய காரை விற்கும்போது, அரசு வழங்கும் வாகனத் தகவல் தொகுப்பை வாங்குபவருக்குக் கொடுப்பது சட்டம். மாகாணத்தில் அதன் முந்தைய பதிவுகளும், அதன்மேல் தீராத கடன் உண்டா என்பதும் அதில் இருக்கும். கடன் இருந்தால் அது வண்டியோடு வரும். ஏமாந்தவர் வண்டியையே இழக்க நேரிடும். வியாபாரியிடம் வாங்கினால், அவர் ஓம்விக் என்னும் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். அங்கே கையொப்பமிட்ட பிறகு மனம் மாறினால் திருப்பித் தரச் சட்டத்தில் தவணை இல்லை. ஆகையால் "இன்றே முடித்துவிடுங்கள்" என்று அவசரப்படுத்துகிறவரிடமிருந்து விலகுவது ஞானம்.

கணக்கையும் பார்ப்போம். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா 14இல் நம் ஆண்டவர் போதித்தார். ஒரு பிள்ளையின் கையில் 9,000 டாலர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவன் 9,000 டாலர் காரைத் தேடக் கூடாது. 6,500 டாலருக்கு வாங்கினால், 13 சதவீத வரி 845 டாலர். இரும்பு வளையங்களோடு நான்கு குளிர்கால டயர்களுக்கு 1,000 டாலர் ஒதுக்க வேண்டும். பரிசோதனைக்கு 150 டாலர். ஆக 8,495 டாலர் ஆகிறது. மீதம் 505 டாலர். பதிவுக் கட்டணமும் ஒரு புது பேட்டரியும் அதற்குள் அடங்க வேண்டும். காப்பீடு தனி. புதிய ஓட்டுநருக்கு, குறிப்பாக பிராம்ப்டன் போன்ற இடங்களில், அது மிக அதிகம்; வண்டி வாங்குமுன் அதன் மாதக் கட்டணத்தைக் கேட்டு அறிய வேண்டும். கணக்கு பொருந்தவில்லையென்றால் காரின் விலையைக் குறையுங்கள், டயரைக் குறைக்காதிருங்கள். கூரை பழைய ஓடாக இருக்கலாம். கைப்பிடிச்சுவர் இல்லாதிருக்கக் கூடாது.

வாங்குகிறவனும் நேர்மையாயிருக்க வேண்டும் என்று வேதம் கேட்கிறது. நல்லதல்ல, நல்லதல்ல என்று பொருளைக் குறைகூறி வாங்கிவிட்டு, வெளியே போய்ப் பெருமை பேசுகிறவனை நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் காட்டுகிறது. இரண்டு வருடம் கழித்து நம் பிள்ளை அந்த வண்டியை விற்கும்போது, துரு எங்கே இருக்கிறது என்று தானே சொல்லி விற்கட்டும். புதிதாக அந்தத் தேசத்தில் இறங்கும் இன்னொரு வீட்டுப் பிள்ளையே அதை வாங்கக்கூடும். குருடனுக்கு முன் தடைக்கல் வைக்கலாகாது என்ற கட்டளை விற்கிறவனுக்கும் உரியது.

இன்னும் சில காரியங்களைப் பிள்ளைகளுக்கு நினைப்பூட்டுங்கள். குளிர்காலத்தில் எரிபொருள் தொட்டி பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். வண்டியில் ஒரு கம்பளியும் சிறு மண்வாரியும் இருக்கட்டும். பனியில் சிக்கி நின்றால், எஞ்சினை ஓடவிடுமுன் புகைக்குழாயை மூடிய பனியை அகற்ற வேண்டும்; இல்லாவிட்டால் நச்சுவாயு வண்டிக்குள் புகுந்து உயிரைக் குடிக்கும். வேலைக்குப் பத்து நிமிடம் பிந்தினாலும் மெதுவாகப் போகட்டும்.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு ஞாயிறும் இந்த ஆலயத்தில் ஜெபிக்கிறோம். பனியையும் குளிரையும் அனுப்புகிறவர் கர்த்தர் என்று 147ஆம் சங்கீதம் சாற்றுகிறது. அந்தக் குளிருக்குமுன் யார் நிற்கக்கூடும் என்றும் அது கேட்கிறது. ஜெபம் கைப்பிடிச்சுவருக்குப் பதில் அல்ல. ஜெபிக்கிறவரே அதைக் கட்டும்படி கட்டளை பெற்றவர். இந்த வாரம் பிள்ளை அழைக்கும்போது, வண்டி என்ன நிறம், என்ன விலை என்று கேட்குமுன், "குளிர்கால டயர் மாட்டியாச்சா?" என்று கேளுங்கள். பணம் போதவில்லை என்று பதில் வந்தால், இந்த மாதம் வீட்டுக்கு அனுப்பும் தொகையை அதற்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வட்டியை நாம் இங்கே எப்படியாவது சமாளிப்போம். பிள்ளை பத்திரமாக வீடு திரும்பட்டும்.

தூரதேசத்தில் இருக்கும் நம் ஒவ்வொரு பிள்ளையின் போக்கையும் வரத்தையும் கர்த்தர் தாமே காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.