பர்வதி மலையில் ஒரு வேப்பிலை

அப்பாவுக்குப் புனேயில், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. எதிர்வீட்டு மாமா அங்கே டிராஃப்ட்ஸ்மேன். வாரம் ஆறு நாளும் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். ஞாயிற்றுக்கிழமை அதைத் தொடவே மாட்டார். வண்ணப்பெட்டியோடு என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்வார்கேட் பஸ் ஏறிவிடுவார்.

பர்வதியின் 103 படிகளையும் ஏறி, தென்மேற்கே பார்த்து உட்காருவோம். ஏறக்குறைய 17 கிலோமீட்டருக்கு அப்பால் சிங்ககட் மலை. 1817-ல் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் கட்கிப் போரைப் பார்த்ததும் இந்த மலையிலிருந்துதான் என்பார் மாமா. நான் வடக்கே திரும்பி எங்கள் வீட்டைத் தேடுவேன். புகை நிறம்தான் தெரியும்.

முதல் படத்தில் சிங்ககட்டைக் கரும்பச்சையில் அப்பி, உச்சியிலிருந்த டிவி கோபுரத்தை ஊசியாட்டம் போட்டிருந்தேன். மாமா ஒரு வேப்பிலையைப் பறித்துத் தந்து, கையை நீட்டி மலைக்கு நேரே பிடிக்கச் சொன்னார்.

"கண்ணை இடுக்கிப் பாருடா. அங்கயும் மரந்தான். இந்தப் பச்சை இருக்கா?"

இல்லை. வெளிறிய நீலம். நடுவே கிடக்கும் அத்தனை காற்றும் நீல ஒளியைச் சிதறடித்துத் தொலைவின் இருட்டுமேல் பூசிவிடுகிறது; இருட்டு வெளுக்கிறது, விளிம்பு கரைகிறது. ஈரத் தூரிகையால் என் கோபுரத்தை ஒரே இழுப்பில் துடைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் மலை அந்த நிமிஷமே பின்னால் போய் நின்றது.

அல்ட்ராமரைனில் துளி பர்ன்ட் சியன்னா, நிறையத் தண்ணீர்: அது மலை. காய்ந்தபின் நடுவே வயல். கடைசியாக, காலடிப் பாறை, காவி தூக்கலாக. படத்திலேயே கருப்பான கருப்பு அங்கேதான். நிறம் தப்பினாலும் பொறுத்துக்கொள்வார், வெளிச்சமும் இருட்டும் படிப்படியாக இறங்குவது தப்பினால் தாளையே கிழிப்பார். ஓவியர் மிலிந்த் முலிக்கின் நீர்வண்ணப் புனேயைப் பிற்பாடு பார்த்தபோது, பேச்சே இல்லாமல் மாமாவின் பாடம் மறுபடி நடந்தது.

படத்தின் நடுவில்தான் மாமா அதிகம் தங்குவார். கடக்வாஸ்லா வாய்க்கால், தாயரிப் பக்கத்து வயல், மரவரிசை: ஒன்றன்பின் ஒன்றாக மங்கும் பச்சைகள். போன வருஷம் தனியாக ஏறினேன். அந்த நடுவே இப்போது கட்டடங்கள்தான், பச்சை இறங்கிப் போக வழியில்லை. தூசியில் சிங்ககட் இருக்குமிடத்தை உத்தேசமாகத்தான் காட்ட முடிந்தது. மாமாவும் இல்லை. ஒரு இலை பறித்து நீட்டிப் பிடித்தேன். எதன்மேல் வைத்துப் பார்ப்பது என்று கை தடுமாறியது.

முதல் படம் வீட்டில் இருக்கிறது. வயல் முழுசாக இருக்கிறது. உச்சியில், மாமாவின் தூரிகை இழுத்த இடம் மட்டும் இன்னும் காயாததுபோல் வெளிறிக் கிடக்கிறது.