நீலச் சிற்றுருக்கள்

புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் காந்தி வீதிக்குச் செல்வோர், கடைகளைக் காட்டிலும் நடைபாதையையே நோக்கி நடப்பர். அங்குத் தார்ப்பாய் விரித்துச் சட்டையும் செருப்பும் பழம்புத்தகமும் பரப்பி விற்பார்கள். பாயின் ஓரத்தில் பழைய சாவிகளோடும் ஓடாத கைக்கடிகாரங்களோடும் ஓர் அட்டைப்பெட்டி கிடக்கும். என் தேடல் அந்தப் பெட்டிக்குள்தான்.

நான் தேடுபவை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரமுள்ள நெகிழிப் பொம்மைகள். நீலமேனி, முன்புறம் மடிந்த வெண்குல்லாய், பாதத்தையும் சேர்த்து மூடும் வெண்காற்சட்டை. ஆங்கிலத்தின் வழியே அறிந்தவர்கள் இவற்றை ‘ஸ்மர்ஃப்’ என்பார்கள். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பெயரே வழங்கியது: ‘ஷ்த்ரூம்ஃப்’. பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் இவை கிடைத்துவிடும்.

அந்தப் பெயர் பிறந்த கதை சுவையானது. பெயோ என்னும் பெல்ஜிய ஓவியர் 1957ஆம் ஆண்டில் நண்பரோடு உணவருந்திக்கொண்டிருந்தார். உப்பைக் கேட்க வாயெடுத்தவருக்குச் சொல் நினைவுக்கு வரவில்லை. ‘அந்த ஷ்த்ரூம்ஃப்பை எடு’ என்று பொருளற்ற ஒலியொன்றைச் சொல்லிவைத்தார். நண்பரும் அதே சொல்லால் விடையளிக்க, அது இருவருக்கும் விளையாட்டாயிற்று. 1958 அக்டோபர் 23ஆம் நாள் ‘ஸ்பிரூ’ இதழில், ஒரு மாயக்குழலைப் பற்றிய சித்திரக்கதையில் இந்த நீலக் குறுமாந்தர் தோன்றியபோது அச்சொல்லே அவர்தம் பெயராகவும் மொழியாகவும் ஆனது. பெயர்ச்சொல், வினைச்சொல் எதுவாயினும் அந்த இடத்தில் ‘ஷ்த்ரூம்ஃப்’ வந்து நிற்கும். கேட்போர் இடமறிந்து பொருள்கொள்வர். நமக்கு இது புதிதன்று. ‘அந்த இதை எடுத்து இதுமேல வை’ என்று என் பாட்டி சொல்ல, ஒருநாளும் தவறாமல் பருப்புப் பாத்திரம் அடுப்பேறியது.

இவை கடல்கடந்து எங்கள் தெருவுக்கு வந்தது வரலாற்றின் போக்கில். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. இங்குப் பிறந்து வாழ்ந்தோர் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு திங்கள் காலம் தரப்பட்டது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய குடும்பங்கள் பலவும் அவ்வாறு தேர்ந்தன. அவர்களை ‘சொல்தா வீட்டுக்காரர்’ என்போம். அவ்வீட்டுப் பிள்ளைகள் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் சாக்லேட்டும் வாசனைச் சோப்பும் இந்தப் பொம்மைகளும் இருக்கும். அடுத்த வீட்டிலிருந்த என் நண்பனிடம் ஒன்பது இருந்தன. அவன் குடும்பம் பிரான்சுக்குப் புறப்பட்டபோது மூன்றை என்னிடம் கொடுத்துச் சென்றான். எங்களுக்கு அப்போது வயது பதினொன்று.

அந்த மூன்றும் இன்று நூற்றுக்கு மேலாகிவிட்டன. வாங்கியவுடன் நான் முதலில் பார்ப்பது உள்ளங்காலை. பெயோவின் பெயர், செய்த நிறுவனத்தின் பெயர், செய்த நாட்டின் பெயர் ஆகியவை அங்கே சிற்றெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருக்கும். 1990ஆம் ஆண்டோடு உலகப்படத்திலிருந்து மறைந்துவிட்ட நாடு, பொம்மையின் காலடியில் இன்னும் இருக்கிறது.

இக்கலையில் தேர்ந்தோர் கைபடாத புதுப் பொம்மையையே விரும்புவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வண்ணம் தேயாத பொம்மை எவரோடும் வாழாத பொம்மை. மூக்கு நுனியில் நீலம் உரிந்திருந்தால் ஒரு குழந்தையின் கட்டைவிரல் அங்கு நெடுநாள் இருந்திருக்கிறது. குல்லாயில் பற்குறி இருந்தால் அந்தக் குழந்தைக்குத் தம்பியோ தங்கையோ இருந்திருக்கலாம்.

மலிவானவற்றைச் சேர்ப்பதில் என்ன பயன் என்று கேட்போருக்கு நான் அரிக்கமேட்டைக் காட்டுவேன். நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945ஆம் ஆண்டில் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அம்மேட்டின் காலத்தை வரையறுக்க அவருக்குப் பெருந்துணையாக நின்றவை பொன்னும் மணியும் அல்ல, உடைந்த உணவுத்தட்டுகள். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பட்டறைகளில் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட செந்நிறத் தட்டுகள் அவை. அவற்றுட் சிலவற்றில் செய்தவர் பெயர் முத்திரையாக இருந்தது. அந்தப் பட்டறைகளின் காலம் தெரிந்திருந்ததால் நம் ஊரின் காலமும் தெரிந்தது. பொன்னை மனிதர்கள் பூட்டி வைப்பார்கள். பிறகு உருக்கியும் விடுவார்கள். மலிவானதைத் தூக்கி எறிவார்கள், மண் பத்திரப்படுத்தும். இன்றைய குப்பைமேடுகள் அவ்வளவு பொறுமை காட்டுமா என்பது ஐயமே.

என் தொகுப்பு ஆண்டு முழுவதும் பிஸ்கட் டப்பாவில் உறங்கி, நவராத்திரியில் மட்டும் கண்விழிக்கும். கொலுப்படிகளுக்குக் கீழே அமைக்கும் பூங்காவில் அம்மா அவற்றுக்கு இடம் தருவார். ஒன்றின் கையில் குழல் உண்டு. நீலமேனியும் குழலும் கண்டபின் அம்மாவுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. அதை மட்டும் மேலே, கண்ணன் பொம்மையின் அருகில் வைத்தார். சுண்டல் வாங்க வந்தோர் எவரும் மறுப்புச் சொன்னதில்லை.

பிரெஞ்சுப் பள்ளிகளின் அக்டோபர் விடுமுறை நவராத்திரியோடு ஒட்டி வந்த ஓராண்டில் என் நண்பன் தன் மகளோடு வந்தான். அவளுக்கு ஏழு வயது, தமிழ் வாராது. என் பிரெஞ்சோ கடைவீதிக்கு மட்டுமே போதுமானது. பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, அவள் கொலுவின்முன் அமர்ந்து, பூங்காவிலிருந்த ஒரு நீலனைக் கையிலெடுத்து, ‘ஷ்த்ரூம்ஃப், ஷ்த்ரூம்ஃப்?’ என்று வினவும் குரலில் கேட்டாள். ‘இது அதை இது செய்துவிட்டது’ என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அரைமணி நேரம் அம்மொழியிலேயே பேசினோம். அதற்குள் மூன்று பொம்மைகளுக்குத் திருமணமும் ஒன்றுக்குக் காய்ச்சலும் வந்து போயின.

புறப்படும்போது, ‘தோந்தோன்’ என்று மாமன் முறை சொல்லி அழைத்து, குழல் வைத்திருந்ததைச் சுட்டிக் காட்டினாள். என்னிடம் முதன்முதலாக வந்த மூன்றில் ஒன்று அது. மேற்கு ஜெர்மனியில் செய்தது. மூக்கில் வண்ணமே இல்லை. தேய்த்த விரல் எவருடையது என்பது வாயிலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவனுக்கும் எனக்கும் தெரியும். அவள் உள்ளங்கையில் அதை வைத்து விரல்களை மூடினேன்.

அன்று மாலை, கண்ணனுக்கு அருகில் வெறுமையாகிவிட்ட இடத்தில் அம்மா ஒரு மண்கிளியை வைத்தார். அது அந்த இடத்துக்குச் சற்றுப் பெரிதாகவே இருந்தது.