எட்டுத் தோல்வியும் சொந்த வட்டாரத்துக்குள்ளே



2023 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு வந்து, படுக்காமல் போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஹூஸ்டனில் திங்கள் இரவு, நமக்குக் காலை ஏழு மணி ஆகப்போகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கூடைப்பந்தின் இறுதிப் போட்டி. "நோன்பு லீவுல மனுசன் தூங்குவான், உங்களுக்கு என்ன இது?" என்று வீட்டில் ஒரு குரல். பாடசாலைக் கூடைப்பந்து அணிக்குப் பொறுப்பாசிரியர் நான்தானே (வேறு யாரும் ஏற்காததால் வந்த பொறுப்பு), அதைச் சொல்லித் தப்பித்தேன்.

கனெக்டிகட் பல்கலைக்கழகம், சுருக்கமாக யூகொன், சான் டியாகோ ஸ்டேட்டை 76-59 என்று வென்றது. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் அடாமா சனோகோ. மாலி நாட்டின் பமாகோவில் பிறந்த நம் பிள்ளை. கடைசிக் கட்டப் போட்டிகள் ரமழானுக்குள் வந்தும் நோன்பை விடவில்லை. இறுதிப் போட்டியில் 17 புள்ளி, 10 ரீபவுண்ட். இதை நம்மவர்கள் எல்லோரும் பகிர்ந்துவிட்டார்கள், நானும் பகிர்ந்தேன். மாஷா அல்லாஹ்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. போட்டி முடிந்த பிறகு இந்த அணியின் முழுப் பருவப் பதிவையும் தேடிப் பார்த்தேன். கணக்கு வாத்திக்கு அட்டவணையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

அங்கே பல்கலைக்கழகங்கள் வட்டாரம் வட்டாரமாகச் சேர்ந்து விளையாடும். யூகொன் இருக்கும் கூட்டத்தின் பெயர் பிக் ஈஸ்ட். 1979இல் தொடங்கியது. இப்போது பதினொரு பல்கலைக்கழகங்கள், அதில் ஒன்பது கத்தோலிக்கர் நடத்துபவை. ஒவ்வொரு அணியும் மற்றப் பத்து அணிகளோடும் இரண்டு முறை மோதும். ஆக 20 போட்டிகள். அதன் பிறகுதான் மார்ச் மாதத்தில் நாடு முழுவதிலுமிருந்து 68 அணிகள் வரும் பெரிய தொடர். தோற்றால் வீடு.

யூகொன் பருவத்தைத் தொடங்கியது 14 போட்டிகளில் 14 வெற்றியோடு. டிசம்பர் 31இல் சேவியரிடம் முதல் தோல்வி. அதிலிருந்து எட்டுப் போட்டிகளில் ஆறு தோல்வி. பிராவிடன்ஸ் அடித்தது, மார்க்கெட் அடித்தது, சென் ஜோன்ஸ் இவர்கள் ஊருக்கே வந்து அடித்துவிட்டுப் போனது. சீட்டன் ஹாலிடம் ஒரே ஒரு புள்ளியால் தோல்வி, பிறகு சேவியரிடம் மறுபடியும். ஜனவரி 25ஆம் திகதி பிக் ஈஸ்டுக்குள் அவர்களின் நிலை ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. அன்றைக்கு அந்த அட்டவணையை என் முன்னால் வைத்து "இவர்கள் சம்பியன் ஆவார்களா" என்று கேட்டிருந்தால், சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டிருப்பேன்.

அதற்கு முந்தின நாள், 24ஆம் திகதி, அதே வட்டாரத்தில் ஜோர்ஜ்டவுன் டிபோலை வென்றது. அது பெரிய செய்தி. ஏனென்றால் அதற்கு முன் பிக் ஈஸ்ட் போட்டிகளில் தொடர்ந்து 29 தோல்வி! பயிற்றுநர் பெட்ரிக் யூவிங். 1984இல் இதே ஜோர்ஜ்டவுனுக்கு ஆடி தேசிய சம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். பருவம் முடியும்போது 20இல் இரண்டே வெற்றி, மார்ச்சில் அவரை அனுப்பிவிட்டார்கள். எனக்கு இந்தப் பருவத்தில் அதிகம் மனசு கனத்தது இதற்குத்தான். பழைய கெட்டிக்கார மாணவன் அதே பாடசாலைக்கு ஆசிரியராக வந்து, தான் படித்த வகுப்பையே தூக்கி நிறுத்த முடியாமல் போவதை நானும் கண்டிருக்கிறேன்.

மார்க்கெட்டின் கதை நேர் எதிர். பருவம் தொடங்குமுன் பயிற்றுநர்கள் வாக்களித்து அவர்களுக்குக் கொடுத்த இடம் ஒன்பதாவது. முதலிடம் என்று சொன்னது கிரெய்ட்டனை. முடிவில் மார்க்கெட் 17 வெற்றி, மூன்று தோல்வியோடு முதலிடம். வட்டாரக் கிண்ணமும் அவர்களுக்கே, அரையிறுதியில் யூகொனை 70-68 என்று அனுப்பிவிட்டுத்தான் எடுத்தார்கள். ஆனால் தேசியத் தொடரில் இரண்டாம் போட்டியிலேயே மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோற்று வீடு. கிரெய்ட்டன் கடைசி எட்டு வரை போய் 57-56 என்று ஒரு புள்ளியால் விழுந்தது. அதுவும் இதே சான் டியாகோ ஸ்டேட்டிடம்.

இப்போது யூகொன் கணக்கு. முழுப் பருவத்தில் 31 வெற்றி, எட்டுத் தோல்வி. அந்த எட்டும் யாரிடம் என்று ஒன்றொன்றாகப் பார்த்தேன். எட்டும் பிக் ஈஸ்ட் அணிகளிடம்! வெளி அணிகளோடு ஆடியது 17. பதினேழிலும் வெற்றி, ஒவ்வொன்றும் பத்துப் புள்ளி அல்லது அதற்கு மேல் வித்தியாசத்தில். தேசியத் தொடரின் ஆறு போட்டிகளில் ஆகக் குறைந்த வித்தியாசமே 13. வட்டாரத்தில் நான்காவது இடத்தைப் பங்குபோட்ட அணி, வெளியே வந்தால் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் போனைக் கீழே வைத்தேன்.

எனது பதினோராம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். இரண்டாம் தவணைக்கு 28, மூன்றாம் தவணைக்கு 31. இரண்டும் நான் எடுத்த தாள். என் தாள் கடினம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அதில் எனக்கு ரகசியமாகக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஜனவரியில் அவன் வராந்தாவில் நின்று, "சேர், மெத்ஸ் பாஸாகுவேனா?" என்று கேட்டான். "நீ மத்தப் பாடத்தைப் பாரு மகன்" என்று சொன்னேன். உயர்தரம் போகக் கணிதச் சித்தி எவ்வளவு முக்கியம் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் ஒன்றும் பேசாமல் போனான்.

நோன்புக்கு முதல் வாரம் வெளி மாகாணத்து மாதிரித் தாள் ஒன்றை வகுப்புக்குக் கொடுத்திருந்தேன். திருத்திய கட்டு மேசையில் அப்படியே கிடந்தது. புள்ளியை ஏட்டில் பதிந்தது நான்தான், ஆனால் யாருடைய புள்ளி என்று நின்று பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். அவனுக்கு 46.

46 பெரிய புள்ளி இல்லை. 35 எடுத்தால் சித்தி, அவ்வளவுதான். ஒரு தாளை வைத்து எதையும் சொல்லவும் முடியாது, அந்தத் தாள் இலேசாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஜனவரியில் நான் பேசியதும் என்னுடைய இரண்டு தாளை வைத்துத்தானே?

எட்டு மணிபோல அவன் வீட்டுக்குக் கோல் எடுத்தேன். உம்மா பேசினார். சஹருக்குப் பிறகு படுத்தவன் இன்னும் எழும்பவில்லையாம். "ஏதும் பிழை செஞ்சிட்டானா சேர்?" என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லை, பிழை என் பக்கம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. லுஹருக்கு எழும்பினால் அந்த மாதிரித் தாளோடு வீட்டுப் பக்கம் வரச் சொல்லுங்கள் என்றேன்.

அஸருக்குக் கொஞ்சம் முன் வந்தான். கையில் கொப்பியும், முகத்தில் தூக்கமும். தராவீஹ் முடிந்து ஒரு மணித்தியாலம் என்று பேசியிருக்கிறோம். முதலில் சமன்பாடுகள்.