ஓய்வு என்னும் சொல்

எங்கள் தந்தையார் 2009 மே மாத இறுதியில் பணி ஓய்வு பெற்றார். தமிழக அரசு ஊழியர்களுக்கு அப்போது ஓய்வு வயது 58. சால்வையும் மாலையுமாக அலுவலக நண்பர்கள் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டுச் சென்றார்கள். பிள்ளைகள் நாங்கள் மூவரும், "இனியாவது நிம்மதியாக இருங்கள், அப்பா" என்றோம்.

சொன்னதோடு நிற்கவில்லை. ரேஷன் கடை, மின்கட்டணம், வங்கி என அவர் கையில் மிஞ்சியிருந்த வேலைகளையும் அன்பின் பேரால் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டோம். சில மாதங்களில் அவர் தினமும் சவரம் செய்வதை நிறுத்தினார். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக் கூடத்தில் அமர்ந்திருப்பார். வயிறு எரிகிறது, பசியில்லை, பெயர்கள் மறந்துபோகின்றன என்றார். வருத்தம் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. வயிற்றுக்கு ஒரு மருத்துவர், இதயத்துக்கு ஒரு மருத்துவர் என அலைந்தோம். வயதானால் இப்படித்தான் என்று எங்களுக்குள் சமாதானமும் சொல்லிக்கொண்டோம். தூக்க மாத்திரைகளை அம்மா தம் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நாங்கள் பார்க்காததை அவர் பார்த்திருந்தார்.

முதியவர்களின் மனச்சோர்வு பல வேளைகளில் அழுகையாக வருவதில்லை. உடல் உபாதையாகவும் உறக்கமின்மையாகவும் மறதியாகவும் வருகிறது. மனநல மருத்துவர் இதை விளக்கியபோது தலைகுனிந்தோம். 1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வாழ்வைக் குலைக்கும் 43 நிகழ்வுகளை வரிசைப்படுத்தினார்கள். அதில் பணி ஓய்வுக்குப் பத்தாம் இடம். எல்லோரும் சோர்ந்துவிடுவதில்லை, வேலையின் பாரம் இறங்கியதில் மலர்ந்தவர்களும் உண்டு. ஆனால் பதவியே தம் பெயராகிவிட்டவர்களுக்கு அது பறிபோகும் நாள் சாதாரண நாளன்று.

மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் பிடித்தன. மருத்துவரின் இன்னொரு யோசனை எளியது: பிடுங்கிய வேலைகளைத் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தோம். அடுத்த ஆண்டு ஓய்வூதியர் நேர்காணலுக்குத் தெருவிலிருந்த நான்கு பெரியவர்களையும் அவரே கருவூலத்துக்கு அழைத்துச் சென்றார். அன்று சவரம் செய்திருந்தார்.

2021இல் ஓய்வு வயது 60 ஆனது. இரண்டாண்டு தள்ளிப்போனதே தவிர, அந்த மறுநாள் காலை எல்லோருக்கும் வரத்தான் செய்கிறது. உயிரோடிருக்கிறீர்களா என்று ஓய்வூதியரை அரசு ஆண்டுக்கொரு முறையாவது கேட்கிறது. ஒரே கூரையின் கீழிருந்த நாங்கள் அதைக் கேட்க ஓராண்டு ஆயிற்று.