இடக்காலுக்கு வருதல்

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் கோல்ப் ஆட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தால் நண்பர்கள் நகைக்கக்கூடும். சிலம்பத்தைப் பற்றி எழுதலாம், சடுகுடுவைப் பற்றி எழுதலாம். துரைமாரின் ஆட்டம் நமக்கு எதற்கு என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. 1893ஆம் ஆண்டு சிலாங்கூர் கோல்ப் மன்றம் தோன்றிய காலந்தொட்டு, நெடுநாள்வரை அவ்வாட்டம் வெள்ளையர்க்கும் செல்வர்க்கும் உரியதாகவே இருந்துவந்தது. ஆயினும் அவர்களுடைய மட்டைப் பையைத் தோளில் சுமந்து பின்னே நடந்தவர்களுள் நம்மவர் பலர். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர்.

ஜாசின் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அவர் பால்மரம் சீவினார். இருள் பிரியுமுன் தொடங்கும் வேலை, பாலை நிறுத்து முடிக்க நண்பகல் ஆகிவிடும். சனி, ஞாயிறு பிற்பகல்களில் மிதிவண்டியேறிக் கோல்ப் திடலுக்குப் பை தூக்கப் போவார். பதினெட்டுக் குழிகளையும் சுற்றிவர நான்கு மணி நேரம் ஆகும். அந்தக் கூலியில்தான் எங்கள் பள்ளிச் சீருடைகள் வந்தன. திங்கட்கிழமை காலையில் மட்டும் பை தூக்குவோர் ஆடிக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு சலுகை இருந்தது. ஆனால் திங்கட்கிழமை காலையில் தந்தையார் மரத்தடியில் அல்லவா இருப்பார்! ஆகவே ஒரு துரை கழித்துக் கொடுத்த ஐந்தாம் எண் இரும்பு மட்டையைக் கொண்டு, லயன் வீடுகளுக்குப் பின்னிருந்த பந்துத் திடலில், அந்தி சாய்ந்தபின் ஆடிக்கொள்வார். எனக்கும் அங்கேதான் கற்பித்தார்.

"தூக்கறதப் பத்திக் கவலப்படாத தம்பி. எறக்கும்போது எங்க நிக்கிற, அதப் பாரு" என்பார். அடித்து முடித்தபின் அசையாமல் நின்று மூன்றுவரை எண்ணச் சொல்வார். பந்து எங்கே போயிற்று என்று அவர் பார்க்கவே மாட்டார். நான் எண்ணி முடிக்குமுன் தள்ளாடினால், "திரும்ப அடி" என்பார்.

மட்டையைப் பின்னே உயர்த்துவதை ஏற்று வீச்சு என்றும், அதனைப் பந்தை நோக்கிக் கொணர்வதை இறக்கு வீச்சு என்றும் இங்கே சொல்லிக்கொள்வோம். வலக்கையாட்டக்காரன் மட்டையை உச்சிக்கு உயர்த்தியபோது அவன் உடலெடையின் பெரும்பகுதி வலப்பாதத்தின் உட்புறத்தில் தங்குகிறது. கைகள் இறங்கத் தொடங்குமுன் அந்த எடை இடக்காலுக்கு வந்துவிட வேண்டும். பின்னர் இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பும். அதன்பின் மார்பு, அதன்பின் கைகள், எல்லாவற்றுக்கும் கடைசியாக மட்டை. புதியவன் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறான். கைகளை முதலில் வீசுகிறான். எடை வலக்காலிலேயே கிடக்கிறது. அடித்த மாத்திரத்தில் பின்னால் சாய்கிறான். இன்னொரு வகையினன் உடல் முழுவதையும் முன்னே எறிந்து, தலை பந்தைத் தாண்டிப் போகுமாறு பாய்கிறான். மூன்றாமவனுடைய குதிகால்கள் எழும்பிவிடுகின்றன. மட்டை அவனை முன்னே இழுத்துக்கொண்டு போகிறது.

இழுக்கிறது என்பது வெறும் உவமையன்று. நீண்ட மட்டையின் தலை ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ளது. அது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில், சுமார் ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுழலுமாயின், ஆடுபவனை வெளிப்புறமாக இழுக்கும் விசை 20 கிலோ எடைக்கும் மேலாகும். பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் இரண்டு கையில் தொங்குவதாக எண்ணிக்கொள்ளலாம். இறக்கு வீச்சோ ஏறக்குறையக் கால் நொடியில் முடிந்துவிடும். அதற்குள் யோசித்துத் திருத்திக்கொள்ள இயலாது. வடம் இழுப்பவன் பின்னே அமர்வதுபோல், இடுப்பின் பின்புறம் பின்னேயே தங்கி அவ்விழுப்புக்கு எதிர் நிற்க வேண்டும். தலை பந்துக்குச் சற்றுப் பின்னே நிற்க வேண்டும்.

இறக்கு வீச்சை இடுப்பே தொடங்கவேண்டும் என்று அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் 1957இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். ஹோகனை என் தந்தையார் அறியார். தோட்டத்தில் நெடும்புல் வெட்டும் கத்தியை நாள்முழுதும் வீசியவர்களை அவர் அறிவார். கையால் வெட்டுபவன் பத்து மணிக்கே களைத்துவிடுவான், காலால் வெட்டுபவனுக்கு மாலைவரை தாங்கும் என்பார்.

நாளிதழில் வரும் கோல்ப் படங்களை அவர் வெட்டி வைத்திருந்தார். நம் நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்களான எம். ராமையா, பி. குணசேகரன் ஆகியோர் படங்கள் அவற்றுள் உண்டு. பிஜித் தீவின் இந்திய வம்சாவளியினரான விஜய் சிங்கின் படமும் உண்டு. 1984இல் மலேசியத் தொழில்முறைப் போட்டியொன்றில் வென்று, பின்னர் போர்னியோவின் மன்றங்களில் பயிற்றுநராகக் காலந்தள்ளி, 2004இல் உலகின் முதல்நிலையை அடைந்தவர் அவர். எந்தப் படத்திலும் தந்தையார் முகத்தைப் பார்த்ததில்லை. கால்களையே பார்ப்பார். "பார், வலது பாதம் நுனியிலதான் நிக்குது. மொத்த ஆளும் எடது கால்ல" என்பார்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். உடற்கல்வி விரிவுரையில், புவியீர்ப்பு மையம் ஆதாரப் பரப்புக்குள் விழும்வரை பொருள் நிலைத்து நிற்கும் என்று கற்றுத் தேர்வில் எழுதினேன். இரு காலில் தொடங்கி ஒரு காலில் முடியும் ஓர் அசைவில் அந்தப் பரப்பே இடம் மாறுகிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. நாற்பது கடந்தபின், நண்பர்களோடு ஆயர் குரோ பக்கத்துப் பயிற்சித் திடலுக்குப் போய், தந்தையார் முன்னிலையில் ஓங்கியடித்துப் பின்னே சரிந்து உட்கார்ந்தேன். அவர் சிரித்தார். "வலது கால விட்டு வர உனக்குப் பயம்" என்றார். அது உண்மையே. எடை இருக்கும் காலைக் கைவிட எவருக்கும் மனம் வருவதில்லை.

2017ஆம் ஆண்டு, தம் எழுபத்தொன்பதாம் வயதில், குளியலறையில் வழுக்கி விழுந்து அவருடைய இடப்பக்க இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நன்றாகவே முடிந்தது. காலை ஊன்றலாம் என்று மருத்துவர் கூறிவிட்டார். தந்தையார் ஊன்றவில்லை. நடைச்சட்டத்தை இரு கைகளாலும் இறுகப் பற்றி, வலக்காலிலேயே நின்றார். எடையை இடப்பக்கம் மாற்றுங்கள் என்று இயன்முறைப் பயிற்சியாளரான இளம்பெண் மலாயில் நாள்தோறும் சொன்னாள். நான் குறுக்கிட்டு, "அப்பா, நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே, எடது காலுக்கு வாங்க" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். "அது ஆட்டம்டா. இது காலு."

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். அஞ்சும் பிள்ளையிடம் பாடத்தைத் திருப்பிச் சொல்வதில் பயனில்லை என்று இளம் ஆசிரியர்க்கு எடுத்துரைத்தவன். அன்று நாணினேன்.

இரண்டு வாரம் கழித்து, அவரே அந்தப் பழைய இரும்பு மட்டையைக் கேட்டார். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயன் வீடுகளும் இடிக்கப்பட்டபின், அவர் அங்கிருந்து கொண்டுவந்த சில பொருள்களுள் அஃதும் ஒன்று. நடைச்சட்டத்தை அப்பால் தள்ளச் சொன்னார். நான் அவர் பின்னே நின்று கைகளை அக்குளில் கொடுத்துத் தாங்கினேன். மட்டையை முழங்காலளவுகூட உயர்த்தவில்லை. ஒரு சாண் பின்னே கொண்டுபோய் மெல்ல விட்டார். அவருடைய எடை என் வலக்கையிலிருந்து இடக்கைக்கு நகர்வதை உணர்ந்தேன். வலக்குதிகால் தரையை விட்டுச் சற்றே எழுந்தது.

"ஒண்ணு... ரெண்டு..." என்றார். மூன்றை எண்ணவில்லை, திரும்பி என் தோளைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை நான் பள்ளிக்குப் புறப்படும் வேளையில், மட்டையை எங்கே வைத்தாய் என்று உள்ளிருந்து குரல் கேட்டது.